மருந்தை யாருக்கு நிறுத்துவது

கொள்கை முன்மொழிவு எழுதும் குழு ஒன்றில் உங்கள் பெயரைப் போட்டால் மறுக்காதீர்கள். மருந்தகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர், மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையே தலைக்கு மேல் கிடக்கிறது, அந்த வம்பு நமக்கு எதற்கு என்று என்னிடம் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எப்படியும் யாரோ ஒருவர் அதை எழுதத்தான் போகிறார். எழுதியதை நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்லப்போவது கவுண்டரில் நிற்கும் நீங்கள். சொல்லப்போகிறவர் எழுதும் இடத்திலும் இருந்தால் எழுத்து கொஞ்சம் ஒழுங்காக இருக்கும்.

என் முதல் பணியிடம் மெர்சிங், மலேசியாவின் கிழக்குக் கரையில் ஒரு சிற்றூர். ஆண்டுக் கடைசியில் பருவமழை பிடித்துக்கொண்டால் தீவுகளுக்குப் படகு ஓடாது. அதற்கு முன்பே யாருக்குக் கூடுதல் மருந்து கட்டிக் கொடுப்பது என்று நான்தான் முடிவெடுக்க வேண்டும். கையிருப்பு எல்லாருக்கும் போதாது. மூட்டுவலி மாத்திரை கிடைக்காவிட்டால் ஒருவர் சிரமப்படுவார், என்னைத் திட்டுவார். வலிப்பு மாத்திரை நின்றுபோனால் மீன்பிடிக்கப் போன இடத்தில் கடலுக்குள் விழுவார். இரண்டும் ஒரே அலமாரியில்தான் இருக்கும். எந்த மருந்து காத்திருக்கும், எது காத்திருக்காது என்று பிரித்துப் பார்க்க அங்கேதான் பழகினேன். படித்த வேறு எந்தப் பாடமும் எனக்கு இத்தனை காலம் சோறு போட்டதில்லை.

பல வருடங்கள் கழித்து, ஜொகூர் பாருவில் ஓர் அரசாங்க மருத்துவமனையில் மருந்தகத் தலைவியாக இருந்தபோது என்னை அந்தக் குழுவில் சேர்த்தார்கள். சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்காக ஒரு முன்மொழிவு தயாரித்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். வேலையில் இருப்பவர் டயாலிசிஸுக்குப் போக ஆரம்பித்தால், மருத்துவக் காரணம் காட்டி முன்கூட்டியே ஓய்வில் அனுப்பிவிடுகிறார்களே, அதை மாற்றுவது முதல் பகுதி. அடுத்தது மருந்து மானியம். கடைசியாக, இறந்தவர்களிடமிருந்து பெறும் உறுப்பு தானம். குழுத் தலைவர் மலாய்க்காரர், சிறுநீரக மருத்துவர். கறாரானவர், ஆனால் எதிர்த்துப் பேசினால் காது கொடுத்துக் கேட்பவர்.

நோயாளிகள் சார்பில் வந்தவர் பத்மா டீச்சர். தம்போய்ப் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மெஷினில் உட்கார்ந்து எழுந்து, அடுத்த நாள் வகுப்புக்குப் போகிறவர். சிறுநீரகத்துக்காகப் பல வருடங்களாக வரிசையில் காத்திருந்தார். அவரையும் ஓய்வில் போகச் சொல்லியிருந்தார்கள். அவர் அசையவில்லை.

முதல் பகுதியை அவர் ஒரே கூட்டத்தில் முடித்துவைத்தார். நோயாளிகளுக்கு ஓய்வு கொடுப்பது அவர்கள் நன்மைக்குத்தானே என்று யாரோ சொன்னதற்கு, “வீட்டுக்கு அனுப்புனா நான் நோயாளி. பள்ளிக்கூடத்துல விட்டா நான் டீச்சர். எது நன்மைன்னு என்கிட்ட கேளுங்க” என்று மலாயில் சொன்னார். டயாலிசிஸ் நாட்களை ஒட்டி வேலை நேரத்தை மாற்றிக் கொடுக்க வேண்டும், ஓய்வு பெறுவது நோயாளியின் விருப்பமாக இருக்க வேண்டும் என்று எழுதினோம். யாரும் மறுக்கவில்லை.

சண்டை வந்தது மருந்தில்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். வேறொருவரின் சிறுநீரகத்தைப் பொருத்திக்கொண்டவர் ஆயுள் முழுக்க ஒரு மருந்து சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு அந்தச் சிறுநீரகத்தைத் தள்ளிவிடும். வெளியில் வாங்கினால் கட்டுபடியாகாத விலை. நாங்கள் மானியத்தில் கொடுத்துவந்தோம். முறையாகத் தானம் பெற்றவர்களோடு, வெளிநாட்டுக்குப் போய் ஏழை ஒருவரிடம் சிறுநீரகத்தை விலைக்கு வாங்கிப் பொருத்திக்கொண்டு வந்தவர்களும் அதே கவுண்டருக்கு வந்தார்கள். அவர்களுக்கும் கொடுத்தோம். விலைக்கு வாங்கியவர்கள் அத்தனை பேருக்கும் மானியத்தை நிறுத்திவிட வேண்டும் என்றது முதல் வரைவு.

இதற்குப் பலமாகக் குரல் கொடுத்தவர் பத்மா டீச்சர்தான். அவர் போகும் டயாலிசிஸ் நிலையத்துக்கே ஏஜெண்டுகள் வந்துகொண்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த பெண், மருந்துச் செலவுக்கு என்ன செய்வது என்று தயங்கியபோது, ஊருக்குத் திரும்பினால் அரசாங்கமே மருந்து கொடுக்கும், கவலைப்படாதீர்கள் என்று ஒருவன் சொன்னதை டீச்சர் காதால் கேட்டிருக்கிறார். “அவன் விக்கிற சாமானுக்கு நம்மதான் கேரண்டி குடுக்குறோம்” என்றார்.

அவர் சொன்னது சரி. அன்றும் ஒத்துக்கொண்டேன், இன்றும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ‘அத்தனை பேருக்கும்’ என்ற வார்த்தையில் என் மனம் ஒட்டவில்லை. ஏன் என்று அப்போது தெளிவாகச் சொல்லவும் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று கலைந்தோம்.

அதற்குள் விஷயம் வெளியே கசிந்துவிட்டது. கசியும்போதே கொஞ்சம் பெரிதாகவும் ஆகிவிட்டது. ஒரு காலையில் என்னிடம் வேலை பார்த்த மருந்தாளர் ஒருத்தி அறைக்குள் வந்து, வெளிநாட்டில் சிறுநீரகம் வாங்கியவர் ஒருவர் மருந்துக்கு வந்திருக்கிறார், விதி மாறுகிறதாமே, முடிவு தெரிந்த பிறகு வரச் சொல்லட்டுமா என்று கேட்டாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சந்தேகம் வந்ததும் கேட்டாள். நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

வெளியே போனேன். சேகர் உட்கார்ந்திருந்தார். தம்போயில் சொந்தமாக பெங்கேல் வைத்து கார், மோட்டார் பழுது பார்ப்பவர். சட்டைப் பையில் கடையின் பெயர் தைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். சத்தம் போடவில்லை. எங்கள் ஊரில் மருத்துவமனைப் பெண்கள் எல்லாரும் மிஸ்ஸிதான். “மிஸ்ஸி, நாளைக்குக் காலைல போடுறதுக்கு மட்டும்தான் இருக்கு. அதுக்கப்புறம் என்ன செய்யணும்னு சொல்லுங்க, செஞ்சிக்கிறேன்” என்றார்.

காத்திருக்காத மருந்து. வழக்கம்போலக் கொடுக்கச் சொன்னேன். யோசிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

யார் சொன்னார்களோ, மதியத்துக்குள் குழுத் தலைவர் போன் செய்தார். மானியத்தை நிறுத்தச் சொல்லி எழுதும் குழுவில் இருந்துகொண்டு நீங்களே கொடுக்கலாமா என்று கேட்டார். முன்மொழிவு இன்னும் விதியாகவில்லை, இன்றைக்கு உள்ள விதிப்படி கொடுத்தேன், இன்னொருவர் வந்தாலும் கொடுப்பேன் என்றேன். பேசப் பேச, கூட்டத்தில் சொல்ல வராதது வாயில் வந்துவிட்டது. மருந்தை நிறுத்தினால் அந்தச் சிறுநீரகம் போய்விடும். அவர் மறுபடி நம் மெஷினுக்குத்தான் வருவார். எங்கேயோ ஒரு ஏழை விற்றது குப்பைக்குப் போகும். இதில் ஏஜெண்டுக்கு என்ன நஷ்டம்? அவன் எப்போதோ வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டான்.

அவர் கூட்டத்தில் பேசுவோம் என்றார். அப்படியானால் கூட்டத்துக்கு ஒருவரைக் கூட்டிவர அனுமதி வேண்டும் என்றேன். யாரை என்றார். நாம் எழுதும் வரி யாரைப் பற்றியதோ அவரை என்றேன்.

சேகரிடம் கேட்பது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. மருந்து கொடுக்கும் கை கேட்டால் முடியாது என்று சொல்ல யாருக்கும் பயமாக இருக்கும். அதனால் அவரிடம் முதலில் சொன்னது இதுதான்: வந்தாலும் வராவிட்டாலும் உங்கள் மருந்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர், மறுநாள் போன் செய்து வருகிறேன் என்றார்.

முழுக்கைச் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்து வந்திருந்தார். எதிரில் பத்மா டீச்சர். முந்தின நாள் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி. தலைவர் மலாயில் கேட்டார், சேகர் மலாயில் பதில் சொன்னார். யார் கூட்டிப் போனது, என்ன சொல்லிக் கூட்டிப் போனார்கள், அங்கே எப்படி நடந்தது. எதையும் மறைக்கவில்லை. தன் செயலுக்கு நியாயமும் தேடவில்லை. பெங்கேலை மூடும் நிலை வந்தது, மனைவி மாசமாக இருந்தாள், பயந்துபோனேன் என்று மட்டும் சொன்னார்.

அப்போது டீச்சர் தமிழில் பேச ஆரம்பித்தார்.

“ஒரே சென்டர்லதான் இருந்தோம். எனக்கு எதுத்தாப்ல உங்க மெஷின். ஞாபகம் இருக்கா?”

இருக்கிறது என்று சேகர் தலையாட்டினார்.

“திடீர்னு ஒரு நாள் நீங்க வரல. அப்புறம் வரவே இல்ல. செத்துப் போயிட்டீங்கன்னு நெனச்சிக்கிட்டேன். உங்களுக்காக அழுதேன்.”

மற்றவர்களுக்குத் தமிழ் புரியாது. சேகர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “சொல்லிட்டுப் போக வெக்கமா இருந்துச்சி டீச்சர்.”

பிறகு, நாங்கள் யாரும் கேட்காத ஒன்றைச் சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகு அவரை நடக்கவைத்த நாளில், நடைபாதையில் ஓர் இளைஞன் விலாவைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றானாம். தன்னுடைய வயதில் பாதிகூட இருக்காது. சேகரைப் பார்த்து லேசாகச் சிரித்தான். கூட வந்தவன் சேகரின் தோளைப் பிடித்துத் திருப்பி வேறு பக்கம் நடத்திக்கொண்டு போய்விட்டான். அது யார் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

“எனக்கு மருந்த நிறுத்திடாதீங்க. புள்ளைங்க இருக்கு, நான் உயிரோட இருக்கணும்” என்றார். “ஆனா எனக்கப்புறம் போறவங்களுக்குக் குடுக்காதீங்க.”

டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. “நீங்க ஏணியில ஏறிட்டீங்க. இப்ப ஏணிய எடுத்துடச் சொல்றீங்க.”

“ஆமா டீச்சர். நான் ஏறுனது அந்தப் பையன் முதுகுல. எடுத்துடுறதுதான் நல்லது.”

என்ன பேசினார்கள் என்று தலைவர் என்னைக் கேட்டார். ஒரு வார்த்தையும் கூட்டாமல் குறைக்காமல் மலாயில் சொன்னேன். அவர் தேநீர் கொண்டுவரச் சொன்னார். அன்றைய கூட்டத்தில் மிச்ச நேரம் யாரும் குரலை உயர்த்தவில்லை.

சேகர் போன பிறகு நான் எழுதிவைத்திருந்ததைப் படித்தேன். ஒரு தேதி வைப்போம். அதற்கு முன்பே ஊரறியச் சொல்லிவிடுவோம், டயாலிசிஸ் நிலையங்களின் சுவரில் ஒட்டுவோம், ஏஜெண்டுகளுக்கும் தெரியட்டும். தேதிக்குப் பிறகு விலைக்கு வாங்கிவருபவருக்கு மானியம் கிடையாது. முன்பே வாங்கியவர்களுக்கு மருந்து தொடரும். யாராக இருந்தாலும் கவுண்டரில் வைத்து ஒரே நாளில் மருந்தை வெட்டக் கூடாது. முழு விலைக்கு வாங்க ஏற்பாடு ஆகும்வரை சில நாட்களுக்கு உள்ளதையாவது கொடுத்து அனுப்ப வேண்டும். அதோடு, ஒரு கதவை மூடுகிறோம் என்றால் இன்னொன்றைத் திறக்கவும் வேண்டும். இறந்தவரின் குடும்பத்தோடு உட்கார்ந்து தானம் பற்றிப் பேசுவதற்கென்றே, வேறு வேலை எதுவும் இல்லாத ஆட்கள் மருத்துவமனையில் இருக்க வேண்டும்.

பத்மா டீச்சர் ஒரு இடத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. தப்பு செய்தவர்களுக்குத் தேதி வைத்து மன்னிப்பா என்று கேட்டார். “மன்னிப்பு இல்ல டீச்சர்” என்றேன். “அந்தக் கிட்னி சேகரோடது இல்ல. அந்தப் பையனோடது. அதையாவது வீணாக்காம வெச்சிருப்போம்.” அவர் இதை ஏற்கவில்லை. வரிசையில் நிற்பவளின் கணக்கு வேறு என்றார். அதுவும் உண்மைதான். அவருடைய மறுப்பை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே அறிக்கையில் சேர்க்கும்படி தலைவரிடம் நானே கேட்டுக்கொண்டேன். எதிர்ப்பை மழுப்பி, எல்லாரும் ஒருமனதாக என்று எழுதும் பழக்கம் நம் துறையில் உண்டு. அதைச் செய்யாதீர்கள். மேலே படிப்பவர்களுக்கு எந்த இடத்தில் வலிக்கும் என்று தெரிய வேண்டும்.

முன்மொழிவு போனது, அங்கங்கே மாறித் திரும்பி வந்தது. வேலை ஓய்வு பற்றிய பகுதியில் இரண்டு வரி போய்விட்டது, ஆனால் டீச்சர் கேட்டது நின்றது. மருந்துப் பகுதி ஏறக்குறைய நாங்கள் எழுதியபடியே வந்தது. குடும்பங்களோடு பேச ஆள் போடும் வேலைதான் ஆமை வேகத்தில் நடந்தது, இன்னும் நடக்கிறது. அதை முடித்துவைக்கப்போவது உங்கள் தலைமுறை. சேகர் இன்றும் மருந்து வாங்கிக்கொண்டிருக்கிறார். டீச்சர் இன்றும் வரிசையில் நிற்கிறார், இன்றும் வகுப்பெடுக்கிறார். வழியில் பார்த்தால், நீங்கள் தேதி வைத்தது தப்பு என்று எனக்கு நினைவூட்டாமல் போகமாட்டார். நான் சரி என்பேன். பிறகு இருவரும் சேர்ந்து போய்ச் சாப்பிடுவோம்.

விதி வந்துவிட்டால் நம் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அதை முதல் முறை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லும்போதுதான் நாம் எழுதியது என்ன என்று நமக்கே தெரியும். எனக்கு அந்த நாள் ஓய்வுக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது.

பெக்கோக் என்ற சிற்றூரிலிருந்து ஒரு தம்பதி. தேவராஜு பாமாயில் தரும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் மேற்பார்வையாளர். டயாலிசிஸ் ஆரம்பித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மனைவி இந்திரா. சுற்றி வளைக்காமல் கேட்டார் தேவராஜு: வெளிநாட்டில் பேசி வைத்திருக்கிறோம், போய்விட்டு வந்தால் மருந்து கொடுப்பீர்களா? ஏஜெண்ட் கொடுப்பார்கள் என்கிறான், கிளினிக்கில் இல்லை என்கிறார்கள், பெரியவர் வாயால் தெரிந்துகொண்டு போகலாம் என்று வந்தோம்.

மானியத்தில் கொடுக்கமாட்டோம் என்றேன். முழு விலை என்ன என்பதையும் சொன்னேன்.

“அப்ப என்னைச் சாகச் சொல்றீங்களா?”

என் குரல் தடுமாறவில்லை. அந்த வரியை எழுதிய நாட்களில் வீட்டில் சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் எத்தனையோ முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருந்தேன். சொல்ல முடிந்ததால்தான் எழுதினேன். டயாலிசிஸ் தொடரும், வரிசையில் உங்கள் பெயர் இருக்கும், குடும்பத்தில் யாராவது மனசார முன்வந்தால் இங்கேயே பார்க்கலாம் என்றேன். இதைவிட இதமாகச் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. அவர் எழுந்துவிட்டார்.

இந்திரா எழுந்திருக்கவில்லை. அதுவரை ஒரு வார்த்தையும் பேசாதவர் என்னிடம் கேட்டார்: “குடும்பத்துல குடுத்தா மருந்து குடுப்பீங்களா?”

“குடுப்போம்மா.”

“பொண்டாட்டி குடும்பந்தானே?”

“ஆமாம்மா.”

தேவராஜு குறுக்கே வந்தார். அதெல்லாம் வேண்டாம், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், உனக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் பார்ப்பது என்றார். இந்திரா அவரைத் திரும்பிப் பார்த்தார். “காசு குடுத்து வாங்கலாம்னு சொன்னீங்களே, அவங்க வீட்டுல புள்ளைங்க இருக்கான்னு நீங்க கேக்கலியே.”

தேவராஜு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நானே அவர்களைச் சிறுநீரக கிளினிக்குக்கு நடத்திக் கூட்டிப் போனேன். அங்கிருந்த மருத்துவரிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். இந்த அம்மாவைக் கணவர் இல்லாத அறையில் உட்காரவைத்துப் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்ல நினைத்தால் யாருக்கும் காரணம் தெரியாமல் பின்வாங்க வழி செய்து கொடுங்கள். கணவர் எதிரே வீராப்பாகச் சொல்லிவிட்டு, பிறகு திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. மருத்துவர் அவரோடு வெகுநேரம் பேசினார். பிறகு இன்னொரு நாளும் வரச்சொல்லிப் பேசினார். இந்திராவின் பதில் மாறவில்லை.

சோதனைகள் நீண்டன. ஒவ்வொன்றாகப் பொருந்தி வந்தது. கோலாலம்பூரில் ஆபரேஷன் நடந்தது. இருவரும் தேறி வீடு திரும்பினார்கள்.

முதல் தடவை மருந்து வாங்க அவர்கள் வந்த அன்று, நானே கவுண்டருக்குப் போய் நின்றேன். எந்த மாத்திரை எந்த நேரம், மறந்துவிட்டால் என்ன செய்வது என்று தேவராஜுவுக்கு விளக்கினேன். பரீட்சைக்குப் படிப்பவரைப்போல ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த இந்திரா, “எனக்கு மருந்து ஒண்ணும் இல்லியா?” என்றார்.

“உங்களுக்கு வேணாம்மா. நல்லா தண்ணி குடிங்க. செக்கப்புக்கு மட்டும் தவறாம வாங்க.”

“அப்ப போலாம்” என்று சொல்லி, கவுண்டரில் இருந்த பையை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

தேவராஜு அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “நீ கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னார்ல.”

பையில் மாத்திரைகள் மட்டும்தான் இருந்தன.